அறுவைக்குப் பிந்திய பக்கங்கள்

மதீனாவின் ஏழு சட்ட மேதைகளுள் ஒருவரான உர்வா இப்னு ஜுபைர் (ரஹ்) அவர்களின் வரலாறு நம் மேடைகளுக்குப் புதிதன்று. கலீஃபா வலீதைக் காணத் திமிஷ்கு சென்ற பயணத்தில் அப்பெரியாரின் கால் அழுகிற்று. மயக்கும் பானத்தை மறுத்தார். ரம்பத்தால் காலை அறுத்தனர். அதே பயணத்தில் மகனையும் இழந்தார். எஞ்சியவற்றுக்காக இறைவனைப் புகழ்ந்தார். சொற்பொழிவாளர் இவ்விடத்தில் குரலைத் தழுதழுக்கச் செய்து முடித்து விடுவார். வலீதின் ஆட்சி தொடங்கியது ஹிஜ்ரி 86. உர்வா மறைந்தது 94ஐ ஒட்டி. இடையே ஒற்றைக் காலுடன் அவர் வாழ்ந்த நாள்களைப் பற்றி மேடையில் ஒரு சொல்லும் நாம் கேட்டதில்லை.

இக்குறை பழங்கதை சொல்வோருக்கு மட்டும் உரியதன்று. 1981இல் திருச்சிராப்பள்ளியருகே நேர்ந்த பேருந்து விபத்தின் விளைவாகக் காலிழந்த நடனக் கலைஞர் சுதா சந்திரன், ஜெய்ப்பூர்க் கால் பொருத்தி 1984இல் மேடையேறினார். அவரையே தலைவியாக்கிச் சிங்கீதம் சீனிவாசராவ் 1985இல் இயக்கிய தெலுங்குப் படம் 'மயூரி'. அதன் நேர்மையை நாம் மறுக்கவில்லை. எனினும் படம் கைதட்டலை நோக்கியே விரைகிறது. நடனம் அறியாதவன் காலிழந்தால் அவனுக்கு எந்த மேடை?

காட்டுப்பள்ளியில் துறைமுகம் எழுந்து விட்டது. அங்கிருந்து கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டை வரை இயந்திரங்களுக்கும் கனரக வண்டிகளுக்கும் இடையே நம் பிள்ளைகளும் உழைக்கின்றனர். அவர்களுள் ஒருவன் காலிழந்து வீடு திரும்பினால் உர்வாவின் பொறுமையை மட்டும் சொல்லி அவன் வாயை அடைத்து விடுகிறோம். இல்லாத பாதத்தின் விரல்கள் நள்ளிரவில் எரிகின்றன என்று அவன் சொன்னால் பித்தென்று நினைக்கிறோம். மருத்துவம் நன்கறிந்த வேதனை அது. அறுவைக்குப் பின் எஞ்சிய காலின் வீக்கம் பல மாதங்களில் வடியும். முதலில் பொருந்திய உறை தளர்ந்து தோலை உரசிப் புண்ணாக்கும். உறையை மாற்ற வேண்டும். இதை அறியாத குடும்பத்தார், 'கொடுத்த காலைப் போட மாட்டேன் என்கிறான்' என்று அவனையே குறை கூறுவர். கால் மூலையில் கிடக்கும். தாங்கி நிற்கும் ஒன்றுக்குப் 'பொய்க்கால்' என்று பெயரிட்ட நம் மொழியும் சற்றுக் கொடியதுதான்!

இந்த இடைக்காலத்தை ஊன்றி நோக்கியவர்கள் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் மருத்துவர் பி. கே. சேத்தியும். 1960களின் இறுதியில் அவர்கள் ஜெய்ப்பூரில் உருவாக்கிய ரப்பர்ப் பாதத்துக்குச் செருப்பு வேண்டா, சேற்றிலும் நடக்கலாம், கணுக்கால் மடங்குவதால் தரையில் குந்தலாம், சம்மணமிடலாம். மேல்நாட்டு விறைத்த பாதத்தால் இவை இயலவில்லை. நாற்காலியில் அமராத மக்களின் காலை அவர்கள் கூர்ந்து கண்டனர்.

நம் ஃபிக்ஹு நூலோரும் கதைசொல்லிகளைவிடக் கூர்மையாகக் கண்டனர் என்போம். கணுக்காலுக்கு மேலே துண்டிக்கப்பட்டால் உளூவில் அக்காலைக் கழுவும் கடமை நீங்கும். நிற்க இயலாதவர் அமர்ந்து தொழலாம். அமரவும் இயலாதவர் படுத்தே தொழலாம். அவ்வரிகளில் கண்ணீரில்லை, மறுநாள் பஜ்ருக்கு எழ வேண்டிய மனிதன் இருக்கிறான். உர்வாவின் கதையோடு சேர்த்து இவற்றையும் சொல்லும் பேச்சாளரை நாம் இன்னும் கேட்கவில்லை.