ஓப்பனர் ஃபினிஷர் ஆன கதை

உப்பளம் மைதானத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கான போட்டி ஒன்று. இடைவேளையில் ஒலிபெருக்கி திடீரென்று தொம், தொம், தட் என்றது. யாரும் சொல்லிக்கொடுக்காமலே மொத்தப் பிள்ளைகளும் இரண்டு தடவை காலை உதைத்து ஒரு தடவை கையைத் தட்டினார்கள். சிமென்ட் படிக்கட்டு அதிர்ந்தது. திரும்பி வரும்போது நெல்லித்தோப்பு சிக்னலில் வண்டி நின்ற நேரத்தில், பின்னால் உட்கார்ந்திருந்த அக்கா மகன் கேட்டான்: "மாமா, அது யார் பாட்டு?"

"குயீன்."

"அவங்கள கேக்கணும்னா எதுலேர்ந்து ஆரம்பிக்கணும்?"

பச்சை விழுந்துவிட்டது. பின்னால் நின்ற டெம்போக்காரர் ஹாரனை அழுத்தினார். அன்றைக்குச் சொல்ல முடியாத பதில்தான் இந்த வார அலசல்.

'கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்', 1981. இங்கிலாந்தில் 70 லட்சம் பிரதிகளைத் தாண்டிய முதல் ஆல்பம் அதுதான். அந்த எல்லையை 2022 ஜூலையில் தொட்டது. ஆனால் ராக் இசையில் ஊறிப்போனவர்களிடம் இந்தப் பதிலைச் சொல்லிப் பாருங்கள், முகம் சுளிப்பார்கள். ஹிட்ஸ் தொகுப்பைக் கேட்பது, ராத்திரி ஹைலைட்ஸ் பார்த்துவிட்டு மறுநாள் டீக்கடையில் முழு மேட்சும் பார்த்தவன் மாதிரி பேசுவதற்குச் சமம் என்பார்கள். ஃபோரும் சிக்ஸரும் தெரியும். நாற்பது பந்து கட்டை போட்டு நின்றவன் யாரென்று தெரியாது. நியாயமான புகார்தான். ஆனால் ஹைலைட்ஸைக் கூட ஸ்கோர்கார்டு மாதிரி வாசிக்கலாம். வாசித்தால், ஒளித்து வைத்ததும் சேர்ந்து தெரியும்.

எனக்கு இந்தத் தொகுப்பு வந்த வழியே ஒரு கூத்து. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சித்தப்பா லீவில் வரும்போது கொண்டுவந்த எல்பி ரெக்கார்டு. சொல்தா குடும்பம் உள்ள தெருக்களில் இப்படித்தான் இசை வந்தது: வாசனை சோப்பு, சாக்லேட், நடுவில் நாலு ரெக்கார்டு. எங்கள் வீட்டில் ரெக்கார்டு பிளேயர் இல்லை, டேப் ரெக்கார்டர்தான். ஆகவே எல்பியையும் ஒரு காலி கேசட்டையும் ரெக்கார்டிங் கடையில் கொடுத்து, நோட்டுத் தாளில் பாட்டு வரிசை எழுதிக் கொடுத்தேன். அக்காவின் நிபந்தனைப்படி நடுநடுவே இளையராஜா பாட்டும் உண்டு. கடைக்காரர் நேரத்தைக் கூட்டிப் பார்க்கவில்லை. முதல் பக்கம் தீர்கிற இடத்தில் 'டோன்ட் ஸ்டாப் மீ நவ்' பாதியில் அறுந்தது. என்னை நிறுத்தாதே என்று தலைப்பு வைத்த பாட்டு! இன்றைக்கு முழுசாகக் கேட்டாலும் அந்த இடம் வந்ததும் டக்கென்று பொத்தான் எகிறும் சத்தம் என் காதில் விழும்.

சரி, ஸ்கோர்கார்டுக்கு வருவோம். தொகுப்பில் 17 பாட்டு. (நான் சொல்வது இங்கிலாந்துப் பதிப்பு. அமெரிக்கப் பதிப்பின் பட்டியல் வேறு. டேவிட் போவியோடு சேர்ந்து பாடிய 'அண்டர் பிரஷர்' அதில்தான் உண்டு.) குழுவில் நான்கு பேர்: பாடகர் ஃப்ரெடி மெர்குரி, கிட்டார் பிரையன் மே, பேஸ் ஜான் டீக்கன், டிரம்ஸ் ரோஜர் டெய்லர். நால்வருமே பாட்டு எழுதுகிறவர்கள். இந்த 17இல் யார் எத்தனை? மெர்குரி 10, மே 5, டீக்கன் 2. டெய்லர் பூஜ்யம்.

பூஜ்யத்தைப் பார்த்துவிட்டு அணியை விட்டு ஆளைத் தூக்கு என்பவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். 'போஹீமியன் ராப்சோடி'யின் நடுவே ஒரு நாடகக் கூட்டமே நின்று பாடுகிற மாதிரி வருகிறதே, அந்தப் பகுதியைக் காது கொடுத்துக் கேளுங்கள். உச்சாணிக் கொம்பில் ஏறி நிற்கிற குரல் மெர்குரியுடையது அல்ல, டெய்லருடையது. மெர்குரி, மே, டெய்லர் மூன்றே பேர் திரும்பத் திரும்பப் பாடி, ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்து அந்தக் கூட்டத்தை உண்டாக்கினார்கள். பதிவுத் தலையில் ஓடி ஓடி மேல்பூச்சு தேய்ந்து, நாடாவைத் தூக்கிப் பிடித்தால் வெளிச்சம் ஊடுருவியதாம். விக்கெட் கீப்பர் ரன் எடுக்கவில்லை என்பதற்காக அவர் ஆடவே இல்லை என்று சொல்ல முடியுமா? இத்தனைக்கும் அந்தப் பாட்டு 1975இல் சிங்கிளாக வந்தபோது, தட்டின் மறுபக்கத்தில் டெய்லர் எழுதிய 'ஐ'ம் இன் லவ் வித் மை கார்' இருந்தது. தட்டு விற்றால் இரண்டு பக்கத்துக்கும் பங்கு. எதிர்முனையில் நின்றே சம்பாதித்த ஆள்!

பூஜ்யத்துக்கு உண்மையான காரணம் தேர்வு விதி. தொகுப்பை உருவாக்கியவர்கள் ரசனையைக் கொண்டு பொறுக்கவில்லை. இங்கிலாந்து தரவரிசையில் மேலே வந்த சிங்கிள் எதுவோ அதற்கு இடம். 'போஹீமியன் ராப்சோடி' ஒன்பது வாரம் முதலிடத்தில் நின்றது. 'கில்லர் குயீன்' இரண்டாம் இடம். பட்டியலில் தாழ்ந்தது 'குட் ஓல்ட் ஃபேஷன்ட் லவர் பாய்', பதினேழாம் இடம். 'டை யுவர் மதர் டவுன்' முப்பத்தொன்றில் நின்றதால் வெளியே. மேடையில் அதை விட்டால் கச்சேரி களைகட்டாது என்பதெல்லாம் கணக்கில் வரவில்லை. 1973இல் வந்த முதல் ஆல்பத்திலிருந்து ஒரு பாட்டு கூட இல்லை, அந்த ஆல்பத்தின் சிங்கிள் தரவரிசையையே எட்டிப் பார்க்காததால். 1980இல் வந்த 'தி கேம்' ஆல்பத்திலிருந்து மட்டும் நான்கு. சமீபத்திய ஃபார்மை மட்டும் பார்க்கிற தேர்வுக்குழுவை நாம் எங்கும் பார்க்காததா?

விதி இல்லாமல் தொகுத்தால் எல்லாம் சரியாகிவிடுமா என்றால் அதுவும் இல்லை. அமெரிக்காவில் விற்பனையில் முதலிடம் என்று 2018இல் அறிவிக்கப்பட்ட ஈகிள்ஸ் குழுவின் தொகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அது 1976 பிப்ரவரியில் வந்தது. 'ஹோட்டல் கலிஃபோர்னியா' வந்ததோ அதே வருஷம் டிசம்பரில். நம்மூர் கடற்கரைச் சாலை ஓட்டல்களில் கிட்டார் பிடிக்கிறவர்கள் தவறாமல் வாசிக்கிற அந்த ஒரு பாட்டுக்காகத் தொகுப்பை வாங்கினால் ஏமாற்றம்தான். சதம் அடிப்பதற்கு முன்னாலேயே வாழ்க்கை வரலாறு எழுதிவிட்டார்கள். இளையராஜா ஹிட்ஸ் என்று எத்தனை நூறு தொகுப்பு வந்திருக்கும்? அவற்றில் எதையாவது கேட்டு 1986இன் 'ஹவ் டு நேம் இட்' என்று ஒன்று இருப்பதை யாராவது தெரிந்துகொண்டிருப்பார்களா?

குயீன் விஷயத்தில் என்னை உட்கார்ந்து யோசிக்க வைத்தது தேர்வைவிட பேட்டிங் வரிசைதான். 'போஹீமியன் ராப்சோடி' தொகுப்பில் முதல் பாட்டு. ஆனால் அது பிறந்த 'எ நைட் அட் தி ஓபரா' ஆல்பத்தில் பன்னிரண்டில் பதினோராவது. ஓர் அரட்டல் பாட்டு, ஒரு கார் பாட்டு, பழைய காலத்து மியூசிக் ஹால் கிண்டல், விண்வெளிக்குப் போய்த் திரும்புகிறவனைப் பற்றி நாட்டுப்பாடல் மெட்டில் ஒன்று, எட்டு நிமிஷத்துக்கு மேல் ஓடும் 'தி ப்ராஃபெட்ஸ் சாங்' என்று குழு தன் வித்தை எல்லாவற்றையும் தனித்தனியாகக் காட்டுகிறது. 'தி ப்ராஃபெட்ஸ் சாங்'கில் மெர்குரியின் ஒற்றைக் குரல் தானே தனக்கு எதிரொலியாகிச் சுற்றிச் சுற்றி வரும். இத்தனையும் கேட்டு முடித்த காதுக்குத்தான் ஆறு நிமிஷ ராப்சோடி வருகிறது. மெதுப் பாட்டும், நாடகமும், இரைச்சலும் இப்போது ஒரே பாட்டுக்குள். முன்னால் போட்ட அத்தனை முடிச்சும் அங்கேதான் அவிழ்கிறது. தொகுப்பிலோ அது முதல் பந்திலேயே சிக்ஸர். மூச்சு நின்றுபோகும், சந்தேகமில்லை. எங்கிருந்து வந்தது என்பதுதான் தெரியாது.

இன்னொரு முனையில் இதற்கு நேர்மாறு. 1977இன் 'நியூஸ் ஆஃப் தி வேர்ல்ட்' ஆல்பம் 'வீ வில் ராக் யூ'வில் தொடங்கி அடுத்து 'வீ ஆர் தி சாம்பியன்ஸ்' போகும். தொகுப்பு அந்த ஜோடியை அப்படியே தூக்கிப் பதினாறாவதாகவும் பதினேழாவதாகவும் இறக்குகிறது. ஓப்பனிங் ஜோடி ஃபினிஷிங் ஜோடி ஆகிவிட்டது. ஆல்பத்தில் வாசற்படியில் நின்று சவால் விடுகிற பாட்டு, தொகுப்பில் கோப்பையைத் தூக்கிக்கொண்டு மைதானம் சுற்றுகிறது. இன்று உலகம் முழுக்க இறுதிப்போட்டி முடிந்ததும் 'வீ ஆர் தி சாம்பியன்ஸ்' ஒலிப்பதற்கு இந்த இடமாற்றம்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எனக்கு அது வெற்றிப் பாட்டாகக் கேட்டதற்குக் காரணம் அதுதான். ஆல்பத்தில் கேட்டபோது அதிலிருந்த தோல்விகளும் காதில் விழுந்தன.

அந்த ஜோடி பிறந்ததே ரசிகர்களால். 1977இல் இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட் ஊர் பிங்லி அரங்கில் கச்சேரி முடிந்த பிறகு கூட்டம் கலையாமல், கால்பந்து மைதானத்தில் பாடுவதைப் போலக் குழுவுக்குப் பாடிக் காட்டியது. கூட்டத்தைக் கேட்க வைக்காமல் பாட வைத்தால் என்ன என்று மேவும் மெர்குரியும் ஆளுக்கு ஒரு பாட்டு எழுதினார்கள். நெருக்கியடித்து நிற்கிற கூட்டத்தால் என்ன செய்ய முடியும்? காலை உதைக்கலாம், கையைத் தட்டலாம். அவ்வளவுதான் மேவின் 'வீ வில் ராக் யூ'.

பதிவு நடந்தது லண்டன் வெசக்ஸ் ஸ்டூடியோவில். தேவாலயக் கூடமாக இருந்து ஸ்டூடியோ ஆன கட்டடம். அங்கே கிடந்த பலகைகள்மேல் குழுவே ஏறி நின்று உதைத்தது. ஒரு கை ஆட்கள் ஆயிரம் பேர் ஆக வேண்டும். ஆனால் கிணற்றுக்குள் கத்தின மாதிரி எதிரொலிக்கக் கூடாது. மே இயற்பியல் படித்தவர். உதையின் நகல்களைச் சீரான இடைவெளியில் வைக்காமல், பகா எண் கணக்கில் தள்ளித் தள்ளி வைத்தார். சீராக வந்தால் காது அதை எதிரொலி என்று பிடித்துவிடும். ஒன்றுக்கொன்று வகுபடாமல் வந்தால், பக்கத்தில் ஒருவன், தூரத்தில் ஒருவன் என்று கூட்டமாகக் கேட்கும். ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேளுங்கள், ஒவ்வொரு 'தொம்'முக்கும் ஓரம் கொஞ்சம் பிசிறியிருக்கும். உப்பளத்தில் பிள்ளைகள் உதைத்ததும் அதே பிசிறோடுதான். உலகத்துக்கே தெரிந்த இந்தத் தாளத்தில் டிரம்ஸ் கிடையாது. டெய்லர் பாவம்! (விட்டுப்போன படிப்பை மே தூசி தட்டி எடுத்து, விண்தூசி பற்றிய ஆய்வுக்கு 2007இல் டாக்டர் பட்டம் வாங்கினார்.)

மெர்குரியைப் பற்றி ஒரு வார்த்தை, நம் பக்கத்து ஆள் என்பதால். சான்சிபாரில் 1946இல் பார்சிக் குடும்பத்தில் பிறந்த ஃபரூக் புல்சாரா படித்தது மகாராஷ்டிரத்தின் பஞ்ச்கனி மலையில், செயின்ட் பீட்டர்ஸ் பள்ளி விடுதியில். மேஜைப் பந்தில் கெட்டிக்காரர், குத்துச்சண்டையும் போட்டவர், பள்ளியில் ஜூனியர் ஆல்ரவுண்டர் கோப்பை வாங்கியவர். அங்கே 'ஹெக்டிக்ஸ்' என்ற பையன்கள் குழுவில் பியானோ. அந்த ஆல்ரவுண்டர் புத்தி பத்துப் பாட்டிலும் தெரிகிறது. 'கிரேஸி லிட்டில் திங்' ஐம்பதுகளின் ராக் அண்ட் ரோல், 'சம்படி டு லவ்' கறுப்பினத்தவர் தேவாலயப் பாடல் பாணி, 'பைசைக்கிள் ரேஸ்' எந்த வகை என்று யாராலும் சொல்ல முடியாத வகை. ஒரே பந்தை இரண்டு தடவை போடுவதில்லை. அதனால்தான் தொகுப்பாகக் கேட்டாலும் இந்தக் குழு சலிக்கவில்லை. ஒரே அச்சில் வார்த்த பதினேழு பாட்டை அடுக்கினால் ஐந்தாவது பாட்டிலேயே கை பொத்தானுக்குப் போகும்.

டெய்லரை அந்தரத்தில் விட்டுவிட்டேன். தொகுப்பு 1981இல் கதவைச் சாத்தியது. அவர் ஃபார்முக்கு வந்தது அதற்குப் பிறகுதான்: 1984இல் 'ரேடியோ கா கா', 1986இல் 'எ கைண்ட் ஆஃப் மேஜிக்'. இரண்டும் 1991 அக்டோபரில் வந்த இரண்டாவது தொகுப்பில் இருக்கின்றன. அடுத்த மாதம் மெர்குரி இறந்தார். 1985 ஜூலை 13, வெம்ப்ளி அரங்கில் லைவ் எய்ட் நிகழ்ச்சியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். குழுவுக்குக் கிடைத்தது இருபது நிமிஷத்துக்குச் சற்று மேல். இரண்டாவதாக 'ரேடியோ கா கா'. பல்லவி வந்ததும் மைதானம் முழுக்க இருந்த கைகள் ஒரே நேரத்தில் மேலே போய் இரண்டு தட்டுத் தட்டின. பூஜ்யம் போட்டவரின் பாட்டு.

ஆகவே அக்கா மகனுக்கு என் ஆலோசனை: முதல் தொகுப்பைக் கேள், வரிசை மாறாமல் கேள். பிறகு 'எ நைட் அட் தி ஓபரா'வை முதலிலிருந்து பதினோராவது பாட்டு வரை பொறுமையாகக் கேள். ஒரே பாட்டு இரண்டு இடத்தில் எப்படி ஆடுகிறது என்று பார். இத்தனையும் விளக்கி ஞாயிற்றுக்கிழமை போன் போட்டேன்.

"கேட்டுட்டேன் மாமா, செம."

"ராப்சோடி முதல்ல வந்ததும் எப்படி இருந்தது?"

"அது முதல்ல வரலையே. ஷஃபிள்ல போட்டேன். 'ஃப்ளாஷ்'தான் முதல்ல வந்துச்சு."

'ஃப்ளாஷ்', ஒரு விண்வெளிப் படத்துக்காக மே எழுதியது, பாதிக்குப் பாதி படத்தின் வசனம். பதினேழு பேரில் யாரும் ஓப்பனராக இறக்க நினைக்காத ஆட்டக்காரர். பையன் அதைத்தான் ஆறு தடவை கேட்டானாம்.