இயக்கி எழுத்தும் கமிட் பிழையும்: ஒரு மதிப்பீடு

விண்டோசில், பிணையத்தில் உள்ள பகிர்வுக் கோப்புறை ஒன்றுக்கு 'இசட்:' போன்ற ஓர் எழுத்தைக் கொடுத்து, அதை உள்ளூர் வட்டு போலவே பயன்படுத்தலாம். அத்தகைய இயக்கியில் உள்ள கிட் களஞ்சியத்தில் கமிட் செய்ய முயலும்போது, களஞ்சியத்தின் உரிமை ஐயத்துக்குரியது என்ற பொருளில் ஒரு பிழைச்செய்தி தோன்றி, வேலை நின்றுவிடுவது உண்டு. அந்தச் செய்தியும் அதற்குப் பலர் சொல்லும் குறுக்குவழியும் இங்கே மதிப்பிடப்படுகின்றன.

பின்னணி

லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் உருவாக்கிய கிட், களஞ்சியம் யாருடையது என்பதை நெடுங்காலம் சோதிக்கவில்லை. பலர் பயன்படுத்தும் கணினியில் ஒருவர் மேல்நிலைக் கோப்புறையில் போலிக் களஞ்சியம் ஒன்றை வைத்துவிட்டால், அதன் கீழே வேலை செய்யும் மற்றவரின் கணக்கில் தம் கட்டளைகளை இயக்க முடிந்தது. 2022 ஏப்ரலில் வெளியான 2.35.2 பதிப்பு இந்த ஓட்டையை அடைத்தது. அதுமுதல், கோப்புறையின் உரிமையாளரும் கட்டளையிடும் பயனரும் வேறாக இருந்தால் கிட் மறுத்துவிடுகிறது.

பிணைய இயக்கியில் உரிமையாளரின் பெயரைச் சொல்வது வழங்கிதான். அது லினக்சில் இயங்கும் சம்பா வழங்கியானால், அங்குள்ள பயனரின் அடையாளம் விண்டோசுக் கணக்கோடு பொருந்தாமல் போகலாம். அப்போது ஒருவர் தாமே உருவாக்கிய கோப்புறையும் பிறருடையதாகத் தெரிகிறது.

செய்தியின் நிறையும் குறையும்

எந்தக் களஞ்சியத்தில் சிக்கல், எந்தக் கட்டளையால் விலக்குத் தரலாம் என்று இரண்டையும் செய்தி சொல்லிவிடுகிறது. இது பாராட்டத்தக்கது. ஆனால் உரிமையாளரையும் பயனரையும் காட்டும்போது நீண்ட எண்தொடர்களையும் தருகிறது. புதிய மாணவருக்கு அவை எதையும் உணர்த்துவதில்லை.

இன்னொரு குழப்பம் பெயரைப் பற்றியது. பயனர் பார்ப்பது 'இசட்:'. செய்தியில் இருப்பதோ பெரும்பாலும் வழங்கியின் பெயரும் பகிர்வின் பெயரும். இயக்கி எழுத்து, ஒருவர் உள்நுழைந்திருக்கும் அமர்வுக்கு மட்டுமே உரிய பட்டப்பெயர். பட்டப்பெயரை வருகைப் பதிவேட்டில் தேடினால் கிடைக்காது. அதுபோலவே, 'இசட்:' என்று எழுதிய விலக்கு பலிக்காமல் போகலாம். நிர்வாகி உரிமையோடு திறந்த கட்டளைச் சாளரத்தில் அந்த எழுத்தே பொதுவாகத் தென்படாது. இந்த வேறுபாட்டைச் செய்தி ஒரு வரியில்கூட விளக்குவதில்லை.

நட்சத்திரக் குறுக்குவழி

'சேஃப்.டைரக்டரி' அமைப்பில் நட்சத்திரக் குறி இட்டால் பிழை உடனே மறைகிறது. பூட்டு திறக்கவில்லை என்று கதவையே கழற்றி வைப்பதற்கு இது ஒப்பாகும். ஒரு களஞ்சியத்துக்கு மட்டுமன்றி, அந்தப் பயனர் தொடும் எல்லாக் களஞ்சியங்களுக்கும் சோதனை நின்றுவிடுகிறது. பலரும் எழுதக்கூடிய பகிர்வு இயக்கியில்தான் இந்தக் காவல் மிகவும் தேவை. அங்கேயே அதை நீக்கச் சொல்வது தவறான அறிவுரை.

ஏற்ற வழி

கோப்புறை நம்பகமானதுதானா என்று முதலில் உறுதிசெய்ய வேண்டும். பிறகு, செய்தி காட்டும் கட்டளையை எழுத்து மாறாமல் நகலெடுத்து, அந்த ஒரு களஞ்சியத்துக்கு மட்டும் விலக்குத் தரலாம். இதைவிட நல்லது, பகிர்வில் பொதுக் களஞ்சியத்தை மட்டும் வைத்து, ஒவ்வொருவரும் தம் வட்டில் நகல் எடுத்து வேலை செய்வது. அப்போது கமிட் சொந்த வட்டிலேயே நடக்கும். மாற்றங்களை அனுப்பவும் பெறவும் மட்டுமே பிணையம் தேவைப்படும். பொதுக் களஞ்சியத்துக்கு விலக்கு வேண்டியிருந்தாலும், அது அந்த ஒரு முகவரியோடு நின்றுவிடும்.