பழி சென்சாருக்கா, ஒயருக்கா?

முகூர்த்த நாளில் கடலூர் அருகே திருவந்திபுரம் வந்தவர்களுக்குத் தெரியும்: தேவநாதசுவாமி கோயிலைச் சுற்றிக் கெடிலம் ஆற்றங்கரை வரைக்கும் கார்கள்தான். அவற்றில் பல, டாஷ்போர்டில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிய எரியவே ஓடுபவை. வண்டி நிற்காததால் யாரும் பதறுவதில்லை. ஒருநாள் மைலேஜ் குறைகிறது. பட்டறையில் ஸ்கேனரைச் செருகுகிறார்கள், பி0135 என்று வருகிறது. “ஆக்சிஜன் சென்சார் போச்சு சார், மாத்திடலாம்.”

இந்த ஒரு வாக்கியத்தைத்தான் இங்கே எடைபோட விரும்புகிறேன்.

பி0135 உண்மையில் சொல்வது, முதல் சென்சாரின் ஹீட்டர் சுற்றில் கோளாறு என்பது மட்டுமே. சுற்று என்றால் ஃபியூஸ், ரிலே, ஒயர், கப்ளர், ஹீட்டர், இன்ஜின் கணினி எல்லாமும் சேர்ந்தது. ஆறு பேர் நிற்கும் வரிசையில் ஒருவரை மட்டும் பிடித்துத் தண்டிப்பது எந்த ஊர் நியாயம்? பி0171 வந்தால் நிலைமை இன்னும் மோசம். கலவையில் பெட்ரோல் போதவில்லை என்பது அதன் பொருள். காற்றுக் குழாயில் ஓட்டையோ, பெட்ரோல் அழுத்தக் குறைவோ இருக்கலாம். சென்சார் உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கிறது. அதையே கழற்றி எறிகிறோம்.

1976-இல் வோல்வோ கார்களில் பாஷ் நிறுவனம் முதன்முதலாகப் பொருத்திய இந்தக் கருவியின் அடிப்படை எளிமையானது. உள்ளே சிர்கோனியா என்னும் பீங்கான். அதன் ஒரு பக்கம் புகை, மறுபக்கம் வெளிக்காற்று. இரண்டிலும் உள்ள ஆக்சிஜன் வேறுபாடு மின்னழுத்தமாகிறது. பெட்ரோல் கூடினால் 0.9 வோல்ட் அளவுக்கு ஏறும், குறைந்தால் 0.1-க்கு இறங்கும். ஏறக்குறைய 300 டிகிரி சூடு ஏறினால்தான் பீங்கான் வேலை செய்யும் என்பதால் உள்ளே ஹீட்டர் வைத்தார்கள். அதற்கு இரண்டு ஒயர், சிக்னலுக்கு ஒன்று, எர்த்துக்கு ஒன்று.

ஒரு வோல்ட்டுக்கும் குறைவான கணக்கு இது. எர்த் முனையில் 0.2 வோல்ட் வீணானாலே கணினி படிக்கும் எண் பொய்யாகிவிடும். கடலூர் வட்டாரத்தில் அப்படி வீணாகக் காரணங்களுக்குப் பஞ்சமில்லை. உப்புக்காற்று இருக்கிறது. வயலோர வீடுகளில் எலி இருக்கிறது. 2015 மழையிலும், 2024 டிசம்பரில் தென்பெண்ணை பெருகியபோதும் இங்கே வண்டிகள் தண்ணீரில் நின்றன. கப்ளருக்குள் புகுந்த ஈரம் உடனே காட்டிக்கொடுக்காது. மாதங்கள் கழித்துப் பச்சைக் களிம்பாகத் தெரியும். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 புகை விதி வந்த பிறகு பைக்குகளிலும் இதே சென்சார்தான், அதுவும் தண்ணீருக்கு இன்னும் அருகில்.

மெக்கானிக் தரப்பிலும் நியாயம் உண்டு. சென்சார் தேயும் பொருள்தான். எண்ணெய் குடிக்கும் இன்ஜின், உள்ளே கசியும் கூலன்ட், தவறான சிலிக்கான் பசை மூன்றும் அதைக் கொல்லும். அதைவிட முக்கியமானது, அரைமணி நேரம் மல்டிமீட்டர் பிடித்துச் சோதித்ததற்குக் கூலி கேட்டால் நாம் முகம் சுளிக்கிறோம். பொருளுக்கு ஆயிரக்கணக்கில் தருகிறோம், புத்திக்கு நூறு ரூபாய் தர மறுக்கிறோம். பாதிப் பழி நம்முடையது.

ஆனாலும் சோதனை கடினமானதல்ல. கப்ளரைக் கழற்றிக் களிம்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சாவியைப் போட்டு, ஹீட்டருக்கு 12 வோல்ட் வருகிறதா என்று பல்பு வைத்துப் பார்ப்பது நல்லது. சில வண்டிகளில் இன்ஜின் ஓடும்போதுதான் வரும். பல்பு ஏன் என்றால், அரித்துப்போன ஒயர்கூட மீட்டரில் 12 காட்டும், சுமை ஏற்றினால்தான் சாயம் வெளுக்கும். சென்சார் பக்கம் ஹீட்டரின் மின்தடை சில ஓம்கள் இருக்க வேண்டும். முடிவிலி காட்டினால் ஹீட்டர் அறுந்துவிட்டது. பிறகு, சூடான இன்ஜினில் சட்டென்று ஆக்சிலேட்டர் கொடுத்தால் சிக்னல் ஏற வேண்டும், வேக்குவம் குழாயைக் கழற்றினால் விழ வேண்டும். உடனுக்குடன் ஆடும் சென்சாரைக் குறை சொல்ல முடியாது. (ஐந்தாறு ஒயர் உள்ள புதிய வகைகளுக்கு இந்த வோல்ட் கணக்கு பொருந்தாது.)

ஒயரைச் சரிசெய்வதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. பல சென்சார்கள் வெளிக்காற்றை ஒயர் இழைகளின் இடைவெளி வழியாகவே சுவாசிக்கின்றன. சென்சார் பக்கத்து ஒயரில் ஈயம் வைத்துப் பற்றவைத்தால் அந்த மூச்சு அடைபடும். முறுக்கி டேப் சுற்றுவதோ அடுத்த மழைக்குத் தாங்காது. கிரிம்ப் செய்து, மேலே சுருங்கும் குழாய் போடுவதே சரியான வழி.

ஆகவே என் தீர்ப்பு இது: ஸ்கேனர் எண்ணை மட்டும் வைத்துச் சென்சார் மாற்றுவது தவறு. ஒயரும் ஃபியூஸும் எர்த்தும் சரியென்று தெரிந்தபின், ஹீட்டர் அறுந்திருந்தாலோ சிக்னல் சோம்பினாலோ மட்டுமே மாற்றலாம். அடுத்த முறை “மாத்திடலாம்” என்று சொன்னால், மீட்டர் என்ன காட்டியது என்று கேளுங்கள். பார்த்துச் சொன்னவருக்கு, பொருள் எதுவும் மாற்றாவிட்டாலும், கூலியைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.