முதுகை மட்டும் பார்த்தால்

கண்டி வாவிக்கரைப் பக்கம் ஒரு மண்டபத்தில் அண்மையில் கடல்வாழ் உயிரினங்களின் படக் கண்காட்சி நடந்தது. நிலாவெளியிலும் ஹிக்கடுவையிலும் சுழியோடிகள் எடுத்த படங்கள். சுறாவையும் ஆமையையும் எட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்த கூட்டம், ஓடில்லாக் கடல் நத்தைகளின் முன்னால்தான் தேங்கி நின்றது. நிற்காமல் என்ன செய்யும்? விரல் நீளப் பிராணி, கல்யாண வீட்டுப் பட்டுச் சேலைகளைத் தோற்கடிக்கிற நிறம். ஒவ்வொரு படத்தின் கீழும் லத்தீனில் ஓர் இரட்டைப் பெயர், கேள்விக்கே இடமில்லை என்கிற கொட்டை எழுத்தில். தொடக்கி வைத்துப் பேசியவர், ஓர் இனத்தை அறிய இனி ஓர் உயிரைக் கொல்ல வேண்டியதில்லை, படமே போதும் என்றார். கைதட்டல் அடங்க நேரம் எடுத்தது.

நான் கைதட்டவில்லை. உயர்தர வகுப்புக்கு விலங்கியல் படிப்பித்த காலம் முழுக்க இந்த வாக்கியத்தோடு சண்டை பிடித்தவன் நான். இப்போது அது மேடையேறி மாலை போட்டுக்கொண்டு நிற்கிறது.

பெயரில் ஒரு சிக்கல் இருக்கிறது, அதை முதலில் முடித்துவிடலாம்: இவை கடலட்டை அல்ல. மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் கடலட்டை என்றால் பிடித்து, அவித்து, உலர்த்தி ஏற்றுமதி செய்கிற வேறொரு பிராணி. நான் சொல்வது நத்தையின் உறவு. வளரும்போது ஓட்டைத் துறந்துவிட்டு, முதுகில் பூப்போன்ற செவுள்களையோ கொப்புளங்களையோ சுமந்து ஊர்வது. கவசத்தைக் கழற்றிவிட்டவற்றில் பல நஞ்சை நம்பி வாழ்கின்றன. ஃபிலிடியா சாதியில் உள்ளவை தாங்கள் தின்னும் கடற்பஞ்சின் நஞ்சையே உடம்பில் சேர்த்து வைக்கும். மீன் தொட்டியில் ஒன்றைப் போட்டால் கூட இருக்கும் மீன்கள் செத்து மிதக்கலாம். ‘என்னைத் தின்னாதே’ என்று எழுதி மாட்டிய பலகைதான் அந்த நிறம். (நம் பாடநூலில் ‘சாதி’ என்பது இனத்துக்கு மேற்பட்ட படிநிலை. தமிழ்நாட்டு நண்பர்கள் பதற வேண்டாம்.)

படத்தின் பக்கம் உள்ள நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். இந்தப் பிராணியை ஸ்பிரிட்டில் போட்ட சில நாளில் நிறம் போய்விடும். நீலமும் செம்மஞ்சளும் கரைந்து, வேகவைத்த கணவாய்த் துண்டு போல ஒன்று போத்தலில் கிடக்கும். உயிரோடு இருந்தபோது எப்படி இருந்தது என்று சொல்ல ஓவியமோ படமோ இல்லாவிட்டால் பாதிக் கதை போச்சு. சுழியோடிகளின் படங்கள்தான் எது எந்தக் கரையில், எந்த மாதத்தில் தென்படுகிறது என்ற கணக்கைத் தருகின்றன. அந்த வேலையைச் சம்பளத்துக்குச் செய்ய இலங்கையில் ஆளில்லை. அதற்கு மேல் படத்தால் முடியாது.

படம் போதும் என்று நம்பியவர் நம் நாட்டிலேயே முன்பு ஒருவர் இருந்தார் என்று சொல்லலாம். எட்வர்ட் ஃபிரெட்ரிக் கெலார்ட், இலங்கையில் பிறந்த பறங்கியர், படை மருத்துவர். 1852இல் இலங்கை விலங்குகளைத் தொகுத்து நூல் எழுதியவர். முத்துச் சிப்பி ஆய்வுக்காகத் திருகோணமலையில் இருந்த காலத்தில், 1858இலும் 1859இலும், இந்தக் கடல் நத்தைகளுக்குப் பெயர் வைத்தார். வெள்ளை உடம்பில் கரும்புள்ளித் திட்டுகளோடு துக்க வீட்டுத் துணி போல இருக்கும் ஜொருன்னா ஃபூனேப்ரிஸ் அவர் வைத்த பெயர்தான். ஜிம்னோடோரிஸ் சிலோனிக்கா, ஃபிலிடியெல்லா ஸெய்லானிக்கா இரண்டும் இலங்கையின் பெயரையே சுமந்து இன்றும் பட்டியலில் இருக்கின்றன. உயிரோடு பார்த்தார், வண்ணத்தில் படம் செய்வித்தார். அந்த மட்டில் அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. 1860இல் இங்கிலாந்துக்குப் போகும் கப்பலில் இறந்துபோனார்.

தொல்லை அதற்குப் பிறகு. அவருடைய விவரணைகளில் பல வெளியே தெரியும் நிறத்தோடும் வடிவத்தோடும் நின்றுவிட்டன. 1906இல் சேர் சார்ள்ஸ் எலியட் இந்தப் பெயர்களை ஒழுங்குபடுத்த உட்கார்ந்தபோது, இங்கிலாந்தின் நியூகாசில் அருங்காட்சியகத்தில் இருந்த கெலார்ட்டின் படங்களைத்தான் பெரிதும் நம்ப வேண்டியிருந்தது. (எலியட் தொழிலால் ராஜதந்திரி. பின்னாளில் ‘இந்து மதமும் பௌத்தமும்’ என்று மூன்று பாக நூல் எழுதியவரும் இவர்தான். கடல் நத்தையை அறுக்கிற கையும் அதே கை.) மிகத் தனித்த தோற்றமுள்ளவை தப்பின. துக்க வீட்டுத் துணியை வேறு எதனோடு குழப்புவது? ஒன்றைப் போல இன்னொன்று இருக்கும் கூட்டத்தில்தான் நிறப்படம் கைவிரிக்கிறது. வெள்ளை உடம்பில் செம்மஞ்சள் புள்ளி உள்ள ஜிம்னோடோரிஸ் இந்தியப் பெருங்கடலில் ஒன்றல்ல, பல. சிலோனிக்கா எது, பக்கத்து வீட்டுக்காரன் எது என்று கேட்டால், கெலார்ட் அறுத்துப் பார்த்திருந்தால் என்று பெருமூச்சு விடத்தான் முடியும்.

அறுத்தால் என்ன தெரியும்? வாய்க்குள் வறுகி இருக்கிறது, பல் பதித்த நாடா. ஒரு வரிசையில் எத்தனை பல், நடுப்பல் உண்டா இல்லையா, ஓரப்பல் கொக்கியா சீப்பா என்று நுணுக்குக்காட்டியில் எண்ணலாம். எல்லாம் இருபாலுயிரிகள், ஆகவே இனப்பெருக்கக் குழாய்கள் சிக்கலானவை. அவை எப்படிப் பிரிகின்றன, எங்கே பை கட்டுகின்றன என்பது இனத்துக்கு இனம் வேறுபடும். இரண்டு நத்தைகள் ஒரே சேலை கட்டியிருந்தாலும் உள்ளே வேறு வேறு வீடு. இதையெல்லாம் முதுகுக்கு மேலே நின்று எடுத்த படத்தில் தேடிப் பிரயோசனமில்லை.

கண்காட்சியில் மூன்றாவதாகத் தொங்கிய படத்துக்கு முன்னால் அதிக நேரம் நின்றேன். கறுப்பு உடம்பு, சாம்பல் நீல வரம்புகள், வரம்பின் உச்சியில் மஞ்சள் கொப்புளம். கீழே ஃபிலிடியா வரிகோசா என்று எழுதியிருந்தது. இருக்கலாம். ஆனால் ஃபிலிடியா கொயலெஸ்டிஸ் என்று ஓர் உறவு உண்டு, அதே கறுப்பு, அதே நீலம், அதே மஞ்சள். வரிகோசாவைப் புரட்டினால் பாதத்தின் அடியில் நெடுக ஒரு கறுப்புக் கோடு ஓடும், கொயலெஸ்டிஸின் பாதத்தில் அது இராது. தேர்ந்த கண் முழு வளர்ச்சியடைந்த பிராணியை முதுகின் வரம்பு ஓடும் விதத்தைக் கொண்டே பிரித்துவிடும் என்பதை மறுக்கவில்லை. குட்டியில் அந்தக் கண்ணும் தடுமாறும். பெயரை உறுதிசெய்யும் கோடு பாதத்தின் அடியில் இருக்கிறது. எங்கள் கண்காட்சியோ முழுக்க முழுக்க முதுகுகளின் கண்காட்சி.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஃபிலிடியாக் குடும்பத்துக்கு வறுகியே கிடையாது, கடற்பஞ்சை உறிஞ்சித்தான் தின்கின்றன. ஆக, நான் மேலே பெருமையடித்த பல்லெண்ணிக்கை இங்கே எடுபடாது. அதனால்தான் இந்தக் குடும்பம் நெடுங்காலம் நிறத்தை நம்பியே வகைப்பட்டது. விளைவு? கறுப்பில் இளஞ்சிவப்புக் கொப்புளம் உள்ளதையெல்லாம் ஃபிலிடியெல்லா பஸ்டுலோசா என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டினார்கள். மரபணு பார்த்தபோது அந்தச் சாக்குக்குள் பல இனங்கள் இருப்பது தெரிந்தது.

இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. 2018இல் லெய்ட்டன், கோஸ்லினர், வில்சன் மூவரும் குரோமோடோரிஸ் சாதியை மரபணுவால் ஆராய்ந்தார்கள். ஒரே இனம் வேறு வேறு நிறக்கோலத்தில் இருப்பதும், வேறு வேறு இனங்கள் ஒன்றை ஒன்று பார்த்து நிறத்தை ஒப்பியிருப்பதும் வெளிவந்தன. பிராணியின் நோக்கில் பார்த்தால் இதில் அதிசயம் இல்லை. நஞ்சுள்ளது என்று மீன்கள் ஏற்கெனவே படித்துக்கொண்ட பலகையை நீயும் மாட்டிக்கொண்டால் உனக்கும் லாபம். அப்படியானால், எந்த அடையாளத்தை இவை ஒன்றைப் பார்த்து ஒன்று நகலெடுக்கின்றனவோ அதே அடையாளத்தைக் கொண்டுதான் நாங்கள் ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரிக்கிறோம். களவு போன அடையாள அட்டையை வைத்து ஆளைத் தேடுவது போல.

பெயர் தவறினால் என்ன குடி முழுகிப் போகும் என்று அன்று ஒருவர் கேட்டார். ஹெர்மிசெண்டா என்ற கடல் நத்தையைக் கேட்டுப் பாருங்கள். கற்றலும் நினைவும் நரம்பில் எப்படிப் பதிகின்றன என்று அறிய பல தசாப்தங்களாக ஆய்வுகூடங்களில் வளர்த்த பிராணி அது. எழுதிய கட்டுரைகளில் எல்லாம் பெயர் கிராஸிகோர்னிஸ். 2016இல் அந்த ஒரு பெயருக்குள் மூன்று இனங்கள் இருப்பதாகக் காட்டினார்கள், அதில் இரண்டு வட அமெரிக்காவின் மேற்குக் கரையிலேயே. இனி ஒவ்வொரு பழைய கட்டுரையையும் எடுத்து, இது எந்தப் பிராணியின் நரம்பு என்று கேட்க வேண்டும். பிடித்த கரையை வைத்து ஊகிக்கலாம். நிச்சயமாகச் சொல்ல உடல் வேண்டும்.

உடல் கையில் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்குக் கண்டியின் பெயரையே சுமந்த ஒரு தேரை சாட்சி. 1872இல் குந்தர் விவரித்த அடெனோமஸ் கண்டியானஸ். நெடுங்காலம் யார் கண்ணிலும் படவில்லை. அற்றுப்போனது என்று 2004இல் சிவப்புப் பட்டியலில் எழுதிவிட்டார்கள். 2009இல் சிவனொளிபாதமலைக் காட்டில் அகப்பட்டது, 2012இல் ‘உலகின் மிக அரிய தேரை’ என்று செய்தி ஓடியது. கண்டிக்காரர் பலருக்கு அன்று ஒரு தலைநிமிர்வு, எனக்கும்தான். 2015இல் பேராதனையின் மாதவ மீகஸ்கும்புரவும் கூட்டாளிகளும் இந்தத் தேரைகளைப் பல அளவுகோல்களால் ஒப்பிட்டு முடிவு சொன்னார்கள். 1998இல் அடெனோமஸ் தாஸி என்று புது இனமாகப் பெயர் பெற்றதும் இந்தக் கண்டியானஸும் ஒன்றே. அற்றுப்போனதாகக் கருதப்பட்ட தேரை வேறொரு பெயரில் நம் காடுகளில் குதித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. இன்னொரு செய்தி, 1998இல் பெயர் வைத்த மனமேந்திர ஆரச்சியும் ரொஹான் பெத்தியகொடவும் 2015 கட்டுரையிலும் இருக்கிறார்கள். தாங்கள் வைத்த பெயரைத் தாங்களே இறக்கி வைத்தார்கள். மிஞ்சிய உறவினமான அடெனோமஸ் கெலார்ட்டியைப் பாருங்கள், கெலார்ட்டின் பெயரை ஒரு தேரை சுமக்கிறது.

இந்தத் திருத்தம் ஏன் சாத்தியமானது? தேரைகளின் உடல்கள் போத்தலில் இருந்தன. பழையதை எடுத்துப் புதியதன் பக்கத்தில் வைக்க முடிந்தது. குந்தர் ஒரு அழகான படத்தை மட்டும் விட்டுப் போயிருந்தால், கண்டியானஸ் இன்றைக்கும் உலகின் மிக அரிய தேரையாகவே இருக்கும். மேடையில் கைதட்டியும் இருப்போம்.

2015இல் தென்னாப்பிரிக்க ஈ ஒன்றை, உடல் இல்லாமல், படங்களை மட்டும் வைத்துப் புது இனமாகப் பெயரிட்டார்கள். விலங்குகளுக்குப் பெயரிடும் சட்டம் அதற்கு ஒரு கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. அடுத்த ஆண்டு ஏறத்தாழ 500 வகைப்பாட்டாளர்கள் ஒன்றாகக் கையெழுத்திட்டு அதை எதிர்த்தார்கள். அந்தப் பட்டியலில் என் பெயர் இல்லை. கேட்டிருந்தால் இரண்டு முறை போட்டிருப்பேன்.

கொல்வது பாவம்தானே என்பதே கடைசி வாதம். புறாமலை தேசியப் பூங்காவில் கத்தியோடு இறங்கச் சொல்லவில்லை. பாதத்தின் ஓரத்தில் ஊசிமுனையளவு சதை எடுத்தால் மரபணுவுக்குப் போதும், பிராணி ஊர்ந்து போய்விடும். ஒரு கரைக்கு ஓர் இனத்தில் இரண்டோ மூன்றோ உடல், உரிய அனுமதியோடு. அந்த அனுமதி எவ்வளவு இழுக்கும் என்று எனக்குத் தெரியும். ஒரு முறை மாணவர்களுக்காக விண்ணப்பம் போட்டு, பதில் வந்தபோது அந்தப் பிள்ளைகள் பட்டமே வாங்கிவிட்டார்கள். அதற்காக வேலையைக் கைவிட்டு, படமே போதும் என்று ஒரு தத்துவம் செய்வதா? வலைக்குள் நாள்தோறும் சாகிற கடலுயிர்களுக்கு அழாத கண், போத்தலில் இருக்கும் ஒரு நத்தைக்கு மட்டும் அழுகிறது. சரி, இது கொஞ்சம் கடுமையான பேச்சு. எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

மூன்றாவது படத்தை எடுத்த இளைஞர் பக்கத்தில்தான் நின்றார். பேராதனையில் பொறியியல் படிக்கிறாராம், நல்ல பிள்ளை. “தம்பி, வரிகோசா என்று எப்படித் தெரிஞ்சது?” என்று கேட்டேன்.

“புத்தகத்தில படம் இப்படியே இருந்தது, சேர்.”

“பாதத்தில கறுப்புக் கோடு இருந்ததா?”

“பாதமா? அதைப் பார்க்கேல்ல. புரட்டினா அதுக்குக் கஷ்டமாயிருக்கும்தானே, சேர்.”

வரும் விடுமுறைக்குத் திரும்பவும் நிலாவெளிக்குப் போகிறாராம். கல்லில் ஒட்டியதைப் பிய்த்தெடுக்க வேண்டாம், தானே ஊரும் ஒன்றை ஒரு கண்ணாடிப் போத்தலில் கடல்நீரோடு ஏற்றிவிட்டுக் கீழே இருந்து ஒரு படம் எடுத்துவிட்டு அங்கேயே விடச் சொன்னேன். போனில் குறித்துக்கொண்டார். படத்தின் கீழே இருந்த பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போடலாமா என்று கேட்டேன். சுற்றிப் பார்த்துவிட்டு, பென்சிலை அவரே வாங்கிக்கொண்டார்.