பாயும் பளிங்கும்

ஓவியன் கற்பனையால் வாழ்பவன், கணித அறிஞன் கட்டுப்பாட்டால் வாழ்பவன் என்று இருவரையும் பிரித்துப் பேசுதல் வழக்கமாகிவிட்டது. பாடசாலை நேரசூசியும் இப்பிரிவினையையே பேணுகின்றது. சித்திரம் ஓர் அறையில், கேத்திரகணிதம் இன்னோர் அறையில். கல்முனைக் கரையோர ஊர்களில் முஸ்லிம் பெண்கள் இழைக்கும் பன்பாயைக் கூர்ந்து நோக்குவார்க்கு இவ்வழக்கு எத்துணை வலுவற்றது என்பது புலனாகும்.

பன்பாயில் நெடுக்கும் குறுக்கும் ஓடுவன ஒரே பன்னின் கீற்றுகளே. ஆதலின் அவை பின்னிக்கொள்ளும் கட்டங்கள் ஏறத்தாழச் சதுரமாய் அமைகின்றன. சாயமிட்ட கீற்று மேலேறும் இடத்தில் நிறம் தோன்றும். கீழே மறையும் இடத்தில் மறையும். இழைப்பவளுக்கு வாய்த்த உரிமை இவ்வளவே. வட்டம் அவளுக்கு இல்லை. சமபக்க முக்கோணமேனும் எளிதன்றோ எனலாம். அதுவும் இல்லை. முக்கோணத்தின் மூன்று முனைகளும் கட்டங்களின் மூலைகளில் அமையுமாயின், அதன் பரப்பு முழுவெண்ணாகவோ அரை கூடிய எண்ணாகவோ இருத்தல் வேண்டும். சமபக்க முக்கோணத்தின் பரப்போ 3இன் வர்க்கமூலத்தைத் தன்னுட் கொண்டது. இரண்டும் ஒருபோதும் பொருந்தா. ஒழுங்கான ஐங்கோணமும் இவ்வாறே விலக்குண்டது.

எண்கோணமும் முற்றும் இணங்குவதன்று. ஆயினும் கண்ணுக்கு இணங்கச் செய்யலாம். அதன் சாய்பக்கம் படிப்படியாக ஏறவேண்டும். ஒரு கட்டத்தின் மூலைவிட்டமோ 2இன் வர்க்கமூலம். எந்தப் பின்னத்துக்கும் அடங்காதது. 5 படி ஏறினாற் சாய்பக்கத்தின் நீளம் 7.07 கட்டம். நேர்ப்பக்கத்துக்கு 7 கட்டம் கொடுத்தாற் கண் வேறுபாட்டை உணராது. 12 படிக்கு 17 கட்டமெனின் வழு அதனினும் சிறிது. வேள்வி மேடைகளை அளக்க எழுந்த சுல்பசூத்திரங்கள் 2இன் வர்க்கமூலத்துக்குக் கூறும் விதி 577/408 என்னும் பின்னத்தைத் தரும். அவ்விதியின் இறுதி உறுப்பை நீக்கின் எஞ்சுவது இந்த 17/12 தான். சுல்பசூத்திரம் கற்றவள் பாயிழைத்தாள் என்பதன்று இதன் கருத்து. வேள்வி மேடையும் பன்னும் தத்தம் வழியே சென்று ஒரே கணக்கின் வாயிலில் நிற்கின்றன. மருதமுனைக் கைத்தறியிற் சிக்கல் இன்னும் ஒருபடி கூடும். பாவின் நெருக்கமும் ஊடையின் நெருக்கமும் ஒவ்வாவிடிற் கட்டமே நீள்சதுரமாகிவிடும்.

பாய்க்கு ஐங்கோணம் மறுக்கப்பட்டதுபோலவே, பளிங்குக்கும் ஐமடிச் சமச்சீர் மறுக்கப்பட்டதென்று பௌதிக அறிஞர் நெடுங்காலம் நம்பியிருந்தனர். 1982இல் டான் செக்மன் அலுமினியமும் மங்கனீசும் சேர்ந்த கலப்புலோகம் ஒன்றில் அச்சமச்சீரைக் கண்டார். 2011இல் அதற்காக நோபல் பரிசு பெற்றார். இவ்வகை அடுக்கைத் தளத்திலே வரைந்து காட்டும் ஓடுகளை ரோஜர் பென்றோஸ் 1974இலேயே வகுத்திருந்தார். பாரசீகத்துச் சிற்பியரோ பன்னுக்குக் கட்டுப்பட்டவரல்லர். கவராயம் அவர்க்கு ஐந்தையும் பத்தையும் வழங்கிற்று. 1453இல் எழுந்த இஸ்பஹானின் தர்பெ இமாம் கட்டடத்து அலங்காரம் பென்றோஸ் ஓடுகளின் அடுக்கை மிக நெருங்குகின்றதென்று பீற்றர் லூ, போல் ஸ்ரைன்ஹாட் இருவரும் 2007இல் எழுதினர்.

உடனே, ஐந்து நூற்றாண்டுகளுக்கு முன்னரே முஸ்லிம் சிற்பியர் பென்றோஸை வென்றுவிட்டனர் என்ற ஆரவாரம் எழுந்தது. அது மிகை. வடிவம் இருந்தது, அவ்வடுக்கு எஞ்ஞான்றும் மீண்டு வாராது என நிறுவும் எண்ணம் இருந்தமைக்குச் சான்றில்லை. மேலும், பின்வந்த தேற்றம் ஒன்றை முந்திக்கொண்டமையாலேதான் அவ்வலங்காரம் சிறந்ததெனின், இத்தனை காலமும் அதன்முன் நின்று வியந்தோர் எதனை வியந்தனர்? புகழ்வதுபோலத் தோன்றும் இக்கூற்று கலையைக் கணித நூலின் அடிக்குறிப்பாக்கிவிடுகின்றது.

ஒல்லாந்து ஓவியர் எசரின் கதை இதனினும் தெளிவானது. கணித அறிஞர் கொக்ஸ்ரர் அனுப்பிய கட்டுரையில் ஒரு படத்தை அவர் 1958இற் கண்டார். உரை அவருக்கு விளங்கவில்லை, படம் போதியதாயிற்று. அதிலிருந்து முளைத்த வரிசையில், 1959ஆம் ஆண்டின் ‘வட்ட எல்லை 3’ என்னும் மரவெட்டோவியத்தில் மீன்களின் முதுகெலும்பாய் ஓடும் வெண்வளைவுகள் விளிம்பைச் செங்கோணத்திற் சந்திப்பதில்லை. ஏறத்தாழ 80 பாகையில் அவை சந்திப்பதையும், கணிதப்படி அதுவே சரியென்பதையும் கொக்ஸ்ரர் 1979இற் காட்டினார். எசர் 1972இலேயே மறைந்துவிட்டார். சூத்திரம் அறியாத கை, வடிவத்தின் தடைக்குப் பணிந்து பணிந்து அவ்விடத்தை அடைந்திருந்தது.

இன்று வீடுகளில் விரிக்கப்படும் பிளாஸ்ரிக் பாய்களிலும் விண்மீன்கள் உள. அச்சுப்பொறிக்கு ஐங்கோணமும் ஒன்றே, எண்கோணமும் ஒன்றே. எதுவும் அதனை எதிர்ப்பதில்லை. நிறத்திலும் வழவழப்பிலும் அவை பன்பாயை வென்றனவாகவே தோன்றும். ஆயினும் அவ்விண்மீன்களில் எவரும் எண்ணியதன் சுவடு இல்லை.