காணா நட்பும் இடித்துரையும்

ஒருவர் தம் வாழ்வையும் உணர்வையும் எழுதுகின்றார். முன்பின் அறியாதார் அதனைப் படித்து அவர்க்கு நண்பராகின்றனர். நேரிற் காணாது எழுத்தால் விளையும் இந்நட்பு உண்மை நட்பாகுமா, அன்றிப் புகழ்ச்சியை மாற்றிக்கொள்ளும் அளவில் நின்றுவிடுமா என்பதனை ஈண்டு ஆராய்வோம்.

இவ்வினாவை எம்முள் எழுப்பியவர், அமராவதியாற்றுப் பாசனத்தில் நெல் விளையும் ஊராகிய கொமரலிங்கத்தைச் சார்ந்த இளைஞர் ஒருவர். திருப்பூரில் பின்னலாடைத் தொழிலகமொன்றில் பணிபுரியும் அவர், தம் கவிதைகளையும் அவை குறித்து வெளியூரார் எழுதிய மடல்களையும் எமக்குக் காட்டினார். அம்மடல்களில் அன்பு மிகுதி. ஆயின் ஒரு சொல்லையேனும் திருத்துமாறு கூறிய மடல் ஒன்றுமில்லை. "இவர்களுள் எவரையும் யான் கண்டதில்லை, இவர்களினும் நெருங்கியவர் எனக்கில்லை" என்றார் அவர்.

காணாமை நட்பிற்குத் தடையன்று. கோப்பெருஞ்சோழன் உறையூரினன்; பிசிராந்தையார் பாண்டிநாட்டினர். இருவரும் நேரிற் கண்டிலர். எனினும் சோழன் வடக்கிருந்தபோது, ஆந்தையார் தவறாது வருவார் எனக் கூறி அவர்க்கும் இடம் ஒழிப்பித்தான். அவரும் வந்து உடன் வடக்கிருந்தார். நட்பிற்குப் பழக்கத்தினும் உணர்ச்சி ஒத்தலே வேண்டுவது எனும் 785-ஆம் குறளுக்குப் பரிமேலழகர் இவ்விருவரையே எடுத்துக்காட்டினார்.

பலரும் இவ்வளவில் நின்றுவிடுவர். அதற்கு முந்திய 784-ஆம் குறளோ, நட்பு நகைத்து மகிழ்தற்கு மட்டும் உரியதன்று, நண்பன் நெறி கடந்தவழி முற்பட்டு இடித்துரைத்தற்கும் உரியது என்கின்றது. இரண்டனையும் இணைத்து நோக்கின், ஒத்த உணர்ச்சியே இடித்துரைக்கும் உரிமையைத் தருவது என்பது புலனாகும். பிசிராந்தையாரே இதற்கும் சான்றாவார். சோழனைக் காணாது நேசித்த அவர்தாம், தம் நாட்டு மன்னன் பாண்டியன் அறிவுடைநம்பிக்கு, முறையறிந்து வரிகொள்ளாத அரசு யானை புகுந்த விளைநிலம் போலக் கெடும் என அஞ்சாது எடுத்துரைத்தார். இது புறநானூற்றின் 184-ஆம் பாட்டால் அறியப்படுவது.

அண்மைக் காலத்துச் சான்று கொங்குநாட்டிலேயே உண்டு. 1971-ஆம் ஆண்டு கோவையில் 'வானம்பாடி' தோன்றியது. விலையின்றி வழங்கப்பெற்ற அக்கவிமடலைச் சூழ்ந்து உடுமலையைச் சார்ந்த புவியரசு, பொள்ளாச்சிப் பகுதியினராகிய சிற்பி பாலசுப்பிரமணியம், சோமனூரிற் பிறந்த ஞானி முதலியோர் ஒன்றுகூடினர். இவருள் ஞானி அவ்வியக்கத்துள் இருந்தவரேயாயினும் அதன் ஆக்கங்களைத் திறனாயத் தயங்கினாரல்லர். பின்னாளிற் கண்ணொளி இழந்தும், பிறர் படிக்கக் கேட்டுத் தாம் சொல்ல எழுதுவித்து, 2020-இல் மறையும்வரை திறனாய்வுப் பணியைத் தொடர்ந்தார். தோழமையும் திறனாய்வும் ஒருவர் நெஞ்சில் ஒருங்கே தங்கும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

புதிதாக எழுதுவார்க்குப் பாராட்டே முதற்கண் தேவை என்பார் உளர். பகல் முழுதும் தையல் இயந்திரத்தின்முன் அமர்ந்து இரவில் எழுதுபவர்க்கு ஓர் அன்புச்சொல் எத்துணைத் துணையாகும் என்பதை யாமும் அறிவோம். ஆயின் முதற்கண் வேண்டுவதே முடிவிலும் போதும் எனக் கொள்ளல் பொருந்தாது. அஞ்சலட்டையின் இடத்தைக் கைப்பேசி பெற்றுவிட்ட இந்நாளில், பாராட்டு நொடிப்பொழுதில் வருகின்றது. கருத்தூன்றிப் படித்தார்க்கன்றிக் குறைகூறல் இயலாது. ஆதலின் குறைகூறும் மடலே நன்கு படிக்கப்பட்டமைக்குச் சான்றாகின்றது.

அவ்விளைஞரின் கவிதையொன்றில் ஈற்றடி இரண்டும் மிகை என யாம் எழுதினோம். ஒரு திங்கள் மறுமொழி இல்லை. பின்னர் வந்த மடலில், ஓர் அடியை நீக்கியதாகவும் மற்றதை நீக்க உடன்படாமைக்குக் காரணம் இதுவெனவும் அவர் எழுதியிருந்தார். அக்காரணம் எமக்கும் ஏற்புடையதாயிற்று. காணா நட்பு நட்பாவது இத்தகைய மறுமொழியால் என்பதே எம் துணிபு.