யூரோவிஷன் இளம் இசைஞர் போட்டி: கருவியும் களமும் தீர்ப்பும்

ஆய்வுச் சுருக்கம்

ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 1982 முதல் நடத்திவரும் இளம் இசைஞர் போட்டியில், வெவ்வேறு கருவிகளை வாசிக்கும் இளையோர் ஒரே மேடையில் ஒரே நடுவர் குழுவின்முன் தனி இசைஞர்களாக நிற்கின்றனர். வென்றோர் வரிசையைக் கருவி, அரங்கு, நாடு ஆகிய நோக்குகளில் படித்து, இப்போட்டி எதனைச் சிறந்த வாசிப்பாகக் கொள்கிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. திறந்தவெளியில் நடந்த ஆறு போட்டிகளின் முடிவுகள் அரங்கினுள் நடந்தவற்றின் முடிவுகளினின்று பெரிதும் வேறுபடுகின்றன என்பதும், தீர்ப்புக்கான காரணங்கள் வெளிவராமை இவ்வேறுபாட்டை விளங்கிக்கொள்ளத் தடையாக உள்ளது என்பதும் இதன் வாதமாகும்.

திறவுச்சொற்கள்: செவ்வியல் இசைப் போட்டி, தனி இசைஞர், கன்செர்ட்டோ, ஒலிபெருக்கம், நடுவர் தீர்ப்பு, இசைத் திறனாய்வு

முன்னுரை

யூரோவிஷன் என்னும் பெயர் பாட்டுப் போட்டியையே பலருக்கும் நினைவூட்டும். அதே ஒன்றியம் செவ்வியல் இசைக்கெனத் தனியே ஒரு போட்டியையும் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடத்துகிறது. பிரித்தானிய ஒலிபரப்புக் கழகமான பிபிசி 1978இல் தொடங்கிய இளம் இசைஞர் போட்டியே இதற்கு முன்மாதிரி. 1982 மே மாதம் மான்செஸ்டர் நகரில் ஆறு நாடுகளுடன் நடந்த முதற்போட்டியில் மேற்கு ஜெர்மனியின் பியானோ இசைஞர் மார்க்குஸ் பாவ்லிக் வென்றார். சில வாரங்களுக்கு முன்புதான் அதே நாடு பாட்டுப் போட்டியிலும் முதன்முறையாக வென்றிருந்தது. 2020இல் சாக்ரெப் நகரில் நடக்கவிருந்த போட்டி பெருந்தொற்றால் கைவிடப்பட்டது. அதனை நீக்கினால் 2024 வரை 21 போட்டிகள் நடந்துள்ளன.

முன்மாதிரிக்கும் இதற்கும் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. பிபிசி போட்டி நரம்புக் கருவி, விசைப்பலகைக் கருவி, மரக்காற்றுக் கருவி, உலோகக் காற்றுக் கருவி என இனம் பிரித்து, ஒவ்வோர் இனத்திலும் ஒருவரைத் தேர்ந்த பின்னரே இறுதி மேடைக்குச் செல்கிறது. தாளக் கருவிகள் பின்னர் சேர்க்கப்பட்டன. அங்கு 1978இல் வென்ற மைக்கேல் ஹெக்ஸ்ட் வாசித்தது டிராம்போன். யூரோவிஷன் மேடையில் இந்த இனப்பிரிப்பு இல்லை. ஒவ்வொரு நாடும் ஒருவரை அனுப்பும். அவர் கையில் எக்கருவியும் இருக்கலாம். இதுவரை உலோகக் காற்றுக் கருவியாளர் எவரும் இங்கு முதலிடம் பெற்றதில்லை.

வென்ற கருவிகளும் களமும்

வென்றோர் வரிசையைக் கருவிவாரியாகப் பகுத்தால் 21 போட்டிகளுள் வயலின் 10 முறையும், பியானோ 5 முறையும், செல்லோ 2 முறையும், கிளாரினெட், புல்லாங்குழல், வியோலா, சாக்ஸபோன் ஆகியன ஒவ்வொரு முறையும் வென்றுள்ளன. இவ்வளவில் இதில் வியப்பில்லை. தனி இசைஞருக்கென எழுதப்பட்ட கன்செர்ட்டோக்களின் பெருஞ்செல்வம் வயலினுக்கும் பியானோவுக்கும் உரியது. வியோலா இசைஞர் பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டையே நாட வேண்டியுள்ளது: வால்ட்டன் 1929இல் தந்த கன்செர்ட்டோ, ஹிண்டெமித் 1935இல் எழுதியது, பார்ட்டோக் 1945இல் முடிக்காமல் விட்டுச்செல்ல டிபோர் செர்லி நிறைவுசெய்தது எனச் சிலவற்றை விரைவில் எண்ணிவிடலாம். சாக்ஸபோனுக்கு 1846இல்தான் காப்புரிமை கிடைத்தது. மொட்சார்ட்டும் பேத்தோவனும் அதனை அறியார்.

ஆனால் இதே வரிசையைக் கால அடைவில் படிக்கும்போது வேறொரு வடிவம் புலப்படுகிறது. 1982 முதல் 2004 வரையிலான 12 போட்டிகளுள் 11இல் வயலினோ பியானோவோ வென்றது. 1994இல் வார்சாவில் வென்ற பிரித்தானியச் செல்லோ இசைஞர் நட்டாலி கிளைன் மட்டுமே விதிவிலக்கு. 2006இல் சுவீடனின் ஆண்ட்ரியாஸ் பிராண்டெலிட் செல்லோவிலும், 2008இல் கிரேக்கத்தின் டியோனிசிஸ் கிராமெனோஸ் கிளாரினெட்டிலும், 2010இல் ஸ்லோவேனியாவின் ஏவா நீனா கோஸ்முஸ் புல்லாங்குழலிலும், 2012இல் நார்வேயின் ஐவின் ஹோல்ட்ஸ்மார்க் ரிங்ஸ்டாட் வியோலாவிலும் வென்றனர். 2014இல் வயலின் திரும்பியது. 2016இல் போலந்தின் வூகாஷ் டிச்கோ சாக்ஸபோனில் வென்றார். 2018இல் பியானோ, 2022, 2024 ஆகிய இரு போட்டிகளிலும் வயலின்.

இடைப்பட்ட இந்த ஆறு போட்டிகளுக்கும் பொதுவானது எது? முதல் நான்கும் வியன்னாவின் நகரமன்றச் சதுக்கத்தில் நடந்தவை. அடுத்த இரண்டும் கொலோன் பேராலயத்தை ஒட்டிய ரோன்காலி சதுக்கத்தில் நடந்தவை. ஆறுமே திறந்தவெளி மேடைகள். ஏனைய 15 போட்டிகளும் அரங்கினுள் நிகழ்ந்தன. அப்பதினைந்தில் வயலின் 9, பியானோ 5, செல்லோ 1. திறந்தவெளி ஆறில் வயலின் 1. பியானோ ஒருமுறைகூட இல்லை.

இவ்வேறுபாடு தற்செயல் என்று ஒதுக்கத்தக்கதன்று. சதுக்கத்தில் திரண்ட மக்களுக்குக் கருவியொலி ஒலிவாங்கி வழியாகவும் ஒலிபெருக்கி வழியாகவுமே சென்று சேர முடியும். அவ்வாறு சேரும்போது தனி இசைஞருக்கும் சிம்பொனி இசைக்குழுவுக்கும் இடையிலான ஒலிச்சமன்பாட்டை வகுப்பவர் ஒலிப்பொறியாளர். வியோலாவை எடுத்துக்கொள்வோம். அது வயலினைவிட ஐந்து சுரம் கீழே சுருதி கூட்டப்படுவது. அந்தத் தாழ்சுருதிக்கு ஏற்ற அளவில் உடலைப் பெரிதாக்கினால் தாடைக்கடியில் வைத்து வாசிக்க இயலாது. ஆகவே தன் சுருதிக்குச் சற்றே சிறிய உடலுடன்தான் அது இயங்குகிறது. அதன் கம்மிய, புகைமூட்டம் போன்ற குரலுக்குக் காரணம் இதுவே. முழு இசைக்குழுவின் எதிரே அக்குரல் அமிழ்ந்துபோவதற்குக் காரணமும் இதுவே. புல்லாங்குழலின் கீழ்ச்சுரங்களுக்கும் செல்லோவின் நடுச்சுரங்களுக்கும் இத்தகைய இடர் உண்டு. ஒலிவாங்கி அருகிலிருந்தால் இவ்விடர் பெருமளவு நீங்கிவிடுகிறது. பியானோவின் நிலை நேர்மாறானது. கூடத்தின் சுவர்களும் கூரையும் திருப்பித் தரும் அதிர்வே அதன் ஒலிக்கு நிறைவைத் தருவது. வெளிக்காற்றின் ஈரமும் வெப்பமும் அதன் சுருதிக்குப் பகை.

எனினும் களம் ஒன்றே காரணம் எனத் துணிதல் பொருந்தாது. ஆறு என்பது சிறிய எண்ணிக்கை. நடுவர் குழு ஒவ்வொரு முறையும் மாறுவது. காற்றுக் கருவிக் கல்வியும் இதற்கிடையில் பல நாடுகளில் வளர்ந்துள்ளது. ஒவ்வோர் ஆண்டும் எந்தெந்தக் கருவிகள் எத்தனை போட்டியிட்டன என்பதோடு ஒப்பிட்ட பின்னரே இக்கருதுகோள் உறுதிபெறும். ஆயினும் திறனாய்வாளர் இங்கு ஒரு கேள்வியை எழுப்பக் கடமைப்பட்டுள்ளார். கூடத்தில் எடுத்தொலிக்கும் ஆற்றல் தனி இசைஞரின் திறனில் ஒரு பகுதியா, அல்லது கருவி செய்தவர் தந்த பேறா? முன்னதாயின், சதுக்கத்து வெற்றிகள் ஒரு தேர்வைத் தவிர்த்து வந்தவை. பின்னதாயின், அரங்கத்து வெற்றிகளுள் சில கருவிக்கு அளிக்கப்பட்டவை. என் கருத்து பின்னதன் பக்கமே சாய்கிறது. பதினாறு வயது இளைஞர் ஒருவர் சொற்றொடரை எங்கே மூச்செடுத்து எங்கே முடிக்கிறார் என்பதைக் கேட்பதே நடுவரின் பணி என்றால், அவர் குரல் காதில் விழுவதற்கு வழிசெய்வது சலுகை ஆகாது. தொலைக்காட்சியின்முன் அமர்ந்தவர் எப்போதும் ஒலிவாங்கி வழியாகவே கேட்கிறார் என்பதையும் மறக்கலாகாது. ஒலிபரப்புக்கென்றே பிறந்த போட்டி இது. கத்ரி கோபால்நாத்தின் வாசிப்பால் சாக்ஸபோனைக் கச்சேரி மேடைக்குரியதாக ஏற்றுக்கொண்ட தமிழ்ச் செவிகளுக்கு, ஒலிவாங்கி ஒரு கருவிக்குச் செய்யும் உதவியைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

துண்டும் முழுமையும்

ஒலிபரப்பின் தாக்கம் மற்றோர் இடத்தில் கேடாக முடிகிறது. 2014இல் 14 நாடுகளின் இசைஞர் அனைவரும் ஒரே மாலையில் மேடையேறினர். அத்தகைய ஏற்பாட்டில் ஒருவருக்குக் கிடைப்பது சில நிமிடங்களே. முழுக் கன்செர்ட்டோவுக்கு இடமில்லை. அதன் ஒரு பகுதியோ ஒரு சிறு படைப்போ வாசிக்கப்படும்.

2018இல் எடின்பரோவின் அஷர் மண்டபத்தில் 16 வயதினரான ரஷ்ய இசைஞர் இவான் பெஸ்ஸோனோவ் வென்றது சாய்கோவ்ஸ்கியின் முதலாம் பியானோ கன்செர்ட்டோவின் மூன்றாம் பகுதியைக் கொண்டு. இத்தேர்வு நுட்பமானது. உக்ரைனிய நாட்டுப்புற மெட்டொன்றில் துள்ளித் தொடங்கும் அப்பகுதி, இசைவளம் மிக்க இரண்டாவது கருவை நடுவில் அறிமுகப்படுத்திவிட்டு, இறுதியில் பியானோவின் எட்டாஞ்சுர அடுக்குகள் பாய்ந்தேறிய உச்சத்தில் அதே கருவை முழுக்குழுவுடன் விரித்து முடிக்கிறது. தனக்குள்ளேயே தொடக்கமும் நிறைவும் உடையதாதலால் வெட்டி எடுத்தாலும் அது உயிர்தரிக்கிறது. ஆனால் வெட்டப்பட்டவை எவை? இசைக்குழு ஓய்ந்திருக்க இசைஞர் தனியே தம் எண்ணத்தை வளர்த்துச் செல்லும் முதற்பகுதியின் கடென்சா ஒன்று. புல்லாங்குழல் தொடங்கிய மெட்டைப் பியானோ அடக்கத்துடன் வாங்கிக்கொள்ளும் இரண்டாம் பகுதி மற்றொன்று. பிறர் வாசிப்பதைக் கேட்டு அதற்கேற்பத் தம்மைச் சுருக்கிக்கொள்ளும் பண்பு வெளிப்படுவது அங்கேதான். ஏறத்தாழ அரைமணி நேரத்திற்கும் மேலான ஒரு படைப்பில் வலிமையைப் பகிர்ந்து செலவிடுவது வேறு. ஏழு நிமிட வேகத்தில் அனைத்தையும் கொட்டுவது வேறு. பெல்ஜியத்தின் எலிசபெத் அரசியார் போட்டியில் இறுதிச்சுற்றுக்கு வந்தோர் ஒரு வாரம் வெளியுலகத் தொடர்பின்றித் தங்கி, முன்பின் அறியாத புதிய படைப்பொன்றைப் பயின்று, அதனோடு முழுக் கன்செர்ட்டோவும் வாசிக்க வேண்டும். அந்தக் கடுமையை இளையோர்மீது சுமத்த வேண்டுமென்பதன்று நம் கோரிக்கை. மெதுவான ஒரு பகுதியேனும் கட்டாயம் ஆக்கப்பட்டால் தேர்வின் பொருளே மாறும்.

கொடியும் ஆசிரியரும்

போட்டியாளர் நாட்டின் பெயரால் மேடையேறுவது பாட்டுப் போட்டியிலிருந்து வந்த மரபு. அதிக வெற்றி பெற்ற நாடு ஆஸ்திரியா, ஆறு முறை. 2024இல் வென்ற லேயன்ஹார்ட் பாம்கார்ட்னருக்கு முன் அந்நாட்டுக்காக வென்ற ஐவருமே பிற மண்ணில் பிறந்தவர்கள்: ஜூலியன் ராக்லின் வில்னியுசிலும், லிடியா பைக் இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிலும், டாலிபோர் கர்வாய் ஸ்லோவாக்கியாவிலும், அலெக்சாந்திரா சூம் மாஸ்கோவிலும், சியூ ஹெ சீனத்திலும் பிறந்தனர். ராக்லினும் சூமும் வியன்னாவில் போரிஸ் குஷ்னிர் என்னும் ஒரே ஆசிரியரிடம் பயின்றவர்கள். ஆக, கொடி சுட்டுவது பிறந்த மண்ணையன்று, பயிற்றுவித்த ஊரை. இதனைக் குறையாகக் கூறவில்லை. நாடு என்னும் அலகைக் காட்டிலும் ஆசிரியமரபு என்னும் அலகே இவ்வரிசையை நன்கு விளக்குகிறது என்பதே கருத்து. கொடியின் சுமையை இளையோர் சுமக்க நேர்ந்ததும் உண்டு. உக்ரைன் மீதான படையெடுப்பையடுத்து ரஷ்ய ஒளிபரப்பு நிறுவனங்கள் ஒன்றியத்தினின்று விலக்கப்பட்டதால், முந்தைய போட்டியின் வெற்றி நாடு 2022இல் மேடையில் இல்லை.

தீர்ப்பின் மௌனம்

பாட்டுப் போட்டி ஒவ்வொரு நாடும் யாருக்கு எத்தனை புள்ளி அளித்தது என்பதைத் திருவிழாபோல் அறிவிக்கிறது. இளம் இசைஞர் போட்டியிலோ பொதுவாக முதல் மூன்று இடங்கள் மட்டுமே சொல்லப்படும். நடுவரின் புள்ளிகளும் காரணங்களும் வெளிவருவதில்லை. தோற்ற இளையோரின் மனம் நோகாமல் காக்கும் நல்லெண்ணம் இதில் இருக்கலாம். ஆயின் அதற்கு வேறு வழியும் உண்டு. வார்சாவில் நடக்கும் ஷோப்பான் போட்டி 2015இல் நடுவரின் மதிப்பெண்களை வெளியிட்டது. இறுதிச்சுற்றில் முதல்பரிசு பெற்ற சோங்-ஜின் சோவுக்குப் பெரும்பாலோர் உயர்ந்த மதிப்பெண் அளித்திருக்க, பிலிப் ஆந்த்ரெமோன் பத்துக்கு ஒன்று மட்டும் அளித்திருந்தது அதனால்தான் தெரியவந்தது. அது வெற்றியாளரைச் சிறுமைப்படுத்தவில்லை. ஷோப்பானை வாசிக்கும் முறைபற்றிய கருத்துவேறுபாடு எவ்வளவு ஆழமானது என்பதைக் கேட்போர் நேரில் கண்டனர்.

ஒரே கருவிக்கான போட்டியிலேயே இத்தகைய பிளவு எழுமாயின், சாக்ஸபோனையும் பியானோவையும் எதிரெதிர் நிறுத்தும் மேடையில் காரணம் கூறாத தீர்ப்பு எதனைக் கற்பிக்கும்? வயது நோக்கிலும் இக்கேள்வி கூர்மையடைகிறது. மெனுயின் போட்டி வயலினுக்கு மட்டுமே உரியது. அதிலும் இளையோர், மூத்தோர் எனப் பிரிவுகள் உண்டு. 1995இல் அதன் இளையோர் பிரிவில் வென்ற யூலியா ஃபிஷர், மறு ஆண்டு லிஸ்பனில், 13 வயது நிறையும் முன்பே, யூரோவிஷன் மேடையில் தம்மினும் மூத்தோரை வென்றார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் வென்ற நட்டாலி கிளைனுக்கு வயது 17. அவ்வயதில் ஐந்து ஆண்டு இடைவெளி என்பது கையின் அளவிலும், மனத்தில் நிற்கும் படைப்புகளின் எண்ணிக்கையிலும் பெரிய வேறுபாடு. ஃபிஷரின் பிற்கால வளர்ச்சி நடுவரின் தேர்வை மெய்ப்பித்துவிட்டது என்பர். அம்மாலையில் ஒலித்த வாசிப்புக்காக அவர் தேர்ந்தெடுக்கப்பட்டாரா, பின்னாளில் ஒலிக்கவிருந்த வாசிப்புக்காகவா என்பதை அக்குழு கூறியிருந்தால், லிஸ்பனில் அவருக்குப் பின்னே நின்றவர்கள் தங்களுக்கு எது குறைந்தது என்பதையாவது அறிந்து ஊர் திரும்பியிருப்பர்.